பழைய வண்டியும் பனிமூட்டமும்

கம்பளிச் சட்டையும் கழுத்துத் துணியும் இன்றிக் காலையில் வாசற்படி தாண்ட முடியாத ஊரிலே, மோட்டார் வண்டிக்குக் குளிரூட்டும் பொறி எதற்கு என்று பலர் கேட்பதுண்டு. கொழும்பிலும் மட்டக்களப்பிலும் வாழ்பவர்க்கு அது தேவை. பூண்டுலோயாவில் இருப்பவருக்கு அது வீண் ஆடம்பரம் அல்லவா என்பது அவர்கள் எண்ணம். ஆயினும், மழைக்கால மாலையொன்றில் தலவாக்கலையிலிருந்து பூண்டுலோயாவுக்கு வளைந்து வளைந்து இறங்கும் வீதியில் வண்டியோட்டி வந்தவர்கள் இக்கேள்வியைக் கேட்பதில்லை.

வண்டிக்குள்ளே ஐந்து பேர், நனைந்த குடைகள், ஈரச் சேலைகள். வெளியே பனிமூட்டம். ஐவர் மூச்சிலுமுள்ள நீராவி குளிர்ந்த கண்ணாடியிற் படிந்து, முன்வீதியைப் பாலாடை போல் மறைத்து விடுகிறது. ஒரு கையால் சுக்கானைப் பிடித்து, மறு கையால் துணி கொண்டு கண்ணாடியைத் துடைத்தபடி வளைவில் திரும்புவது எத்தனை ஆபத்து! அப்பொழுதுதான் குளிரூட்டியின் அருமை விளங்குகிறது. காற்று முதலில் அதன் குளிர்ந்த குழாய்களின் ஊடே செல்லும்போது, அதிலுள்ள ஈரம் நீர்த்துளிகளாகி வண்டியின் அடிவழியே வெளியேறி விடுகிறது. உலர்ந்த அக்காற்றைப் பின்னர் வெப்பமூட்டிக் கண்ணாடியின் மேற் செலுத்தினால், ஓரிரு நிமிடங்களில் பார்வை தெளிகிறது. மலைநாட்டில் இப்பொறியைக் குளிரூட்டி என்பதிலும் உலர்த்தி என்பதே பொருந்தும்.

பழைய வண்டிகளைப் பற்றி நாம் பேசுவதற்கும் காரணம் உண்டு. நம் நாட்டில் வண்டி பழையதானால் எறிந்துவிடும் வழக்கம் என்றும் இருந்ததில்லை. 1977ஆம் ஆண்டுக்கு முன்னர் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுக்கமாயிருந்த காலத்தில், மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் தோட்டத்துத் தொழிற்சாலைப் பட்டறைகளிலே மறுபிறவி மேல் மறுபிறவி எடுத்தன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் பயணிகள் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில், கொட்டகைகளில் உறங்கிய வண்டிகள் பல விழித்தெழுந்தன. வழி திறந்த பின்னரும் புதிய வண்டியின் விலை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாக்கனியே.

பழையவற்றுள்ளும் இளைஞர் மனத்தைக் கவர்பவை வேகவண்டிகள். நுவரெலியாவில் 1934இல் தொடங்கிய மகாகஸ்தொட்டை மலையேற்றப் போட்டியைக் காணச் சென்ற நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அவற்றின் பெயர்கள் மனப்பாடம். 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மொன்டி கார்லோ போட்டியை வென்ற மினி கூப்பர் முதல், 1992இல் பிறந்த மிட்சுபிஷி லான்சர் இவலூஷன் வரை அவர்களுக்குத் தெரியாதது இல்லை. போட்டிக்குச் செல்பவர்கள் பாரத்தைக் குறைப்பதற்காகக் குளிரூட்டியைக் கழற்றி எறிவது வழக்கம். அதன் அமுக்கி இயந்திரத்தின் குதிரைவலுவிற் சிலவற்றை உண்ணும் என்பதும் உண்மையே. இத்தகைய வண்டி கைமாறிக் கைமாறி ஒரு குடும்பத்தை வந்தடையும்போது, குளிரூட்டி ஒன்றில் இருப்பதில்லை, அன்றேல் இருந்தும் உயிரற்றுக் கிடக்கும். அதனைத் தம் கையாலேயே சீர்செய்ய முனையும் இளைஞர்களின் ஆர்வத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். எங்கே கை வைக்கலாம், எங்கே வைக்கலாகாது என்பதை அறிந்துகொண்டு அவர்கள் இறங்க வேண்டும் என்பதே என் கவலை.

முதலில் பொறியின் தத்துவம். ஊசி போடுமுன் தாதியார் கையிலே ஸ்பிரிட் தடவுகிறார், சில்லென்று குளிர்கிறது. திரவம் ஆவியாகும்போது அருகிலுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதே காரணம். குளிரூட்டியில் நடப்பதும் இதுவே. அமுக்கி வாயுவை நெருக்குகிறது. முன்புறமுள்ள ஒடுங்கியில் அது வெப்பத்தை இழந்து திரவமாகிறது. உலர்த்திக் குப்பி அதிலுள்ள ஈரத்தைப் பற்றிக்கொள்கிறது. விரிவு வால்வின் சிறு துளையைக் கடந்ததும் அமுக்கம் திடீரெனக் குறைந்து, ஆவியாக்கியில் கொதித்து, வண்டியினுள்ளிருக்கும் வெப்பத்தை வாரிச் செல்கிறது. பின்னர் மீண்டும் அமுக்கிக்கு வருகிறது. உழவனின் ஏற்றம் போல, இறங்குவதும் ஏறுவதுமாய் ஒரே சுற்று.

இனி, அந்த வாயுவின் கதை. 1990களின் முற்பகுதி வரை வெளிவந்த வண்டிகளிற் பெரும்பாலானவை ஆர்-12 என்னும் குளோரோபுளோரோகாபன் வாயுவைக் கொண்டிருந்தன. தீப்பற்றாது, நஞ்சும் குறைவு என்பதால் ஒரு காலத்தில் அதனை வரப்பிரசாதமாகக் கொண்டாடினர். 1974இல் மொலினா, ரோலண்ட் என்னும் இரு விஞ்ஞானிகள், இத்தகைய வாயுக்கள் மேலே சென்று ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என்று எச்சரித்தனர். 1985இல் அந்தாட்டிக்காவின் மேல் அப்படலம் மெலிந்திருப்பது அறிவிக்கப்பட்டது. 1987இல் மொன்றியல் உடன்படிக்கை பிறந்தது. இலங்கையும் அதில் இணைந்தது. 1995இல் அவ்விருவருக்கும் குருட்சன் என்பாருக்கும் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

ஆர்-12இன் இடத்துக்கு வந்தது ஆர்-134ஏ. அது ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனால் பூமியைச் சூடேற்றும் ஆற்றலில், எடைக்கு எடை, காபனீரொட்சைட்டைவிட ஏறக்குறைய 1,430 மடங்கு வலியது. மாணவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வண்டியொன்றில் 500 கிராம் வாயு இருப்பதாகக் கொள்வோம். அதனைத் திறந்துவிட்டால், 715 கிலோகிராம் காபனீரொட்சைட்டை வெளிவிட்டதற்குச் சமம். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோகிராம் காபனீரொட்சைட்டு உண்டாகிறது. ஆகவே ஒரு நொடியில் நாம் செய்யும் அக்காரியம் 300 லீற்றருக்கு மேற்பட்ட பெற்றோலை எரித்ததற்கு ஒப்பாகும்! உள்ளே ஆர்-12 இருந்தாலோ கேடு இதனினும் பன்மடங்கு. ஓசோனும் கெடும், சூடும் ஏறும். எனவே பழைய வாயுவை வெளியே விடாது, மீட்பு இயந்திரம் உள்ள பட்டறையிற் கொடுத்து எடுப்பித்தல் முதற் கடமை.

பழைய ஆர்-12 பொறியைப் புதிய வாயுவுக்கு மாற்றலாம். ஆனால் வாயுவை மாற்றினாற் போதும் என்று நினைப்பது தவறு. பழைய பொறியிலுள்ள கனிய எண்ணெய் ஆர்-134ஏயுடன் கலந்து ஓடாது. அமுக்கி எண்ணெயின்றி அரைபட்டுப் போகும். ஆகவே பழைய எண்ணெயை வடித்து, எஸ்டர் போன்ற ஏற்ற எண்ணெய் இடவேண்டும். உலர்த்திக் குப்பியையும் மூட்டுகளிலுள்ள இறப்பர் வளையங்களையும் புதிதாக்க வேண்டும். வாயு ஏற்றும் வாய்களும் புதிய வகையினதாக இருத்தல் வேண்டும். அளவும் மாறும், முன்னைய எடையில் 80 முதல் 90 வீதம் போதுமானது. அதிகம் ஏற்றினால் அதிகம் குளிரும் என்பது மயக்கம். அளவு மிஞ்சினால் அமுக்கம் ஏறிக் குளிர் குறையும்.

வாயு ஏற்றுமுன் வெற்றிடமாக்கல் என்றொரு படி உண்டு. மலைநாட்டார் சிறப்பாய்க் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. பொறியினுள் ஈரம் தங்கினால் அது வால்வில் பனிக்கட்டியாகி அடைக்கும். எண்ணெயுடன் சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். ஆதலால் வெற்றிடப் பம்பியால் உள்ளமுக்கத்தைக் குறைத்து, ஈரத்தைக் கொதிக்கச் செய்து வெளியேற்றுகிறோம். நூல்களில், மானி ஏறக்குறைய 29 அங்குல இரசத்தைக் காட்டவேண்டும் என்றிருக்கும். அது கடல்மட்டத்துக் கணக்கு. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வளியமுக்கமே ஏறக்குறைய 24 அங்குலந்தான். அங்கே அத்தகைய மானி 29ஐக் காட்டவே முடியாது. இதனை அறியாதவர்கள் பம்பி பழுது என்றும், குழாயில் ஒழுக்கு என்றும் எண்ணி, நல்ல மூட்டுகளைக் கழற்றி வீண் செலவு செய்வார்கள். மற்றொன்று: 20 பாகை செல்சியஸில் நீர் 23 மில்லிபார் அமுக்கத்திலே கொதிக்கும், 15 பாகையிலோ அமுக்கம் 17 மில்லிபாருக்கு இறங்கினாற்றான் கொதிக்கும். எனவே குளிர்ந்த காலைப் பொழுதை விட்டு, வெயில் ஏறிய நண்பகலில், கொழும்பு வழக்கத்தினும் கூடிய நேரம் பம்பியை ஓட்டுவதே உத்தமம்.

வீட்டிலே நாமே செய்யத்தக்கவை எவை? இயந்திரத்தை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்த பின்னர், பெல்டின் வெடிப்பையும் தளர்வையும் பார்க்கலாம். பியூஸைச் சோதிக்கலாம். குளிரூட்டியை முடுக்கும்போது அமுக்கியின் காந்தக் கிளச் 'டக்' என்று ஒலிக்கிறதா என்று, கையை உள்ளே நீட்டாமல், தள்ளி நின்று கேட்கலாம். ஒடுங்கியில் அடைந்திருக்கும் சேற்றையும் சருகையும் மெல்லிய நீர்த்தாரையால் கழுவலாம். மூட்டுகளில் எண்ணெய்க் கறை தென்பட்டால் அங்கே ஒழுக்கு என்று அறியலாம். சவர்க்கார நுரை தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். காலடியில் நீர் தேங்கினால் வடிகுழாய் அடைபட்டிருக்கிறது, அதனைத் துப்புரவாக்கலாம். இவற்றாலேயே பாதிப் பழுதுகள் தீர்ந்துவிடும் என்பது நம் பட்டறைக்காரர்கள் சொல்லும் அனுபவம்.

தொடக்கூடாதவை சில உண்டு. இயந்திரம் ஓடாதபோதும், 20 பாகை வெப்பநிலையில், குழாயினுள் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 70 இறாத்தல் அமுக்கம் நிற்கிறது. ஓடும்போது ஒரு பக்கத்தில் அது 200க்கு மேலும் ஏறும். வண்டிச் சில்லின் காற்றைப் போல் ஆறேழு மடங்கு! மூட்டைத் தளர்த்தியவுடன் சீறிவரும் திரவம் பூச்சியத்துக்குக் கீழ் 26 பாகையிற் கொதிப்பது; பட்ட இடத்தில் தோலை உறையச் செய்யும்; கண்ணிற் பட்டால் பார்வையே போகலாம். ஒழுக்கைக் கண்டறிய, சில்லுக்குக் காற்றடிக்கும் பம்பியால் காற்றை ஏற்றுவதும் தகாது. ஆர்-134ஏ காற்றுடன் கலந்து அமுக்கப்பட்டால் தீப்பற்றக்கூடும். ஒட்சிசனோ எண்ணெயைக் கண்டால் வெடிக்கும். அதற்கு உலர் நைதரசனே ஏற்றது. எல்லாவற்றிலும் கொடியது, மலிவு என்று சமையல் வாயுவைக் குளிரூட்டியில் அடைப்பது. அது குளிரூட்டும், உண்மைதான். ஆனால் குழாய் ஒழுகினால், மூடிய வண்டியினுள் மனைவி மக்களோடு ஒரு வெடிகுண்டை வைத்திருப்பதற்கு அது ஒப்பாகும். சில நூறு ரூபாய் மிச்சத்துக்கு ஒரு குடும்பத்தைப் பணயம் வைக்கலாமா?

பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. படித்த பிள்ளை எண்ணெய்க் கறையோடு நிற்பதைக் கண்டு முகஞ்சுளிப்பவர் இன்றும் உளர். மேலே சொன்னவற்றை மீண்டும் நோக்குங்கள். வளியமுக்கம், கொதிநிலை, இரசாயன மாற்றம், வீதக் கணக்கு ஆகிய எல்லாம் நாங்கள் வகுப்பறையிலே கற்பிப்பவையே. இவற்றை அறிந்த தொழிலாளி, அறியாதவனிலும் சிறந்த தொழிலாளியாவான். தோட்டத்தை விட்டுக் கொழும்புக் கடைகளுக்குச் செல்லும் நம் இளைஞருக்குக் கையிலே ஒரு கலை இருந்தால், ஊரிலேயே நிமிர்ந்து வாழ வழியுண்டு. மொறட்டுவையிலுள்ள இலங்கை-ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவகம் போன்ற இடங்களில் முறையாகப் பயின்று, தேசியத் தொழிற்றகைமைச் சான்றிதழும் பெறலாம். சரசுவதி பூசையன்று ஏட்டுக்கும் சுத்தியலுக்கும் ஒரே தட்டிற் பூ வைத்த நம் முன்னோர், அவற்றுள் உயர்வு தாழ்வு பார்க்கவில்லை.

மே மாதத்தில் தென்மேல் பருவமழை தொடங்கிவிடும். அதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் வண்டியின் முன்மூடியைத் திறந்து, வீட்டிற் செய்யலாம் என்று கூறியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிள்ளைகளையும் அருகில் நிறுத்திக்கொள்ளுங்கள். எஞ்சியதை அறிந்தவர் கையில் ஒப்படையுங்கள்.