பார்பியானாப் பள்ளிப் பிள்ளைகள்



தேர்வில் தவறிய பிள்ளையை என் செய்வது என்னும் வினா நாட்டில் மீண்டும் எழுந்துள்ளது. எட்டாம் வகுப்பு முடியும் வரை எவரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைத்தல் ஆகாது என்றது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். 2019-இல் அது திருத்தப்பட்டது. 2024 டிசம்பரில் நடுவண் அரசு, ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் மாணவரை நிறுத்தி வைக்க வழிசெய்து விதி வகுத்தது. தமிழக அரசோ பழைய முறையே தொடரும் என்று அறிவித்தது. "நிறுத்தி வைத்தால்தானே, சுவாமி, பயல் படிப்பான்?" என்று பெற்றோர் சிலர் நம்மிடமே கேட்கின்றனர். அவர்களுக்கு விடையாக, தேர்வில் தள்ளப்பட்ட பிள்ளைகளும் அவர்தம் தோழரும் கூடி எழுதிய ஒரு நூலின் வரலாற்றை இத்திங்கள் சொல்ல விழைகிறோம்.

இத்தாலி நாட்டில் பிளாரன்சு நகருக்கு வடக்கே, மலைச்சரிவில் சிதறிக் கிடக்கும் சில வீடுகளே பார்பியானா. 1954 டிசம்பரில் லொரேன்சோ மிலானி அடிகளார் அங்குப் பங்குக் குருவாக அனுப்பப்பட்டார். செல்வக் குடியிற் பிறந்தவர், வயது 31. முன்னிருந்த பங்கில் தொழிலாளருக்கு இரவுப் பள்ளி நடத்தி, மேலிடத்தாருக்கு உவப்பில்லாதவராகிவிட்டார். பார்பியானாவில் சாலை இல்லை, மின்விளக்கும் இல்லை. வந்த மறுநாளே அவ்வூர்க் கல்லறைத் தோட்டத்தில் தமக்கென ஓர் இடத்தை வாங்கி வைத்தார் என்பர். மாற்றல் ஆணையை எதிர்நோக்கி நாள் எண்ணும் நம் போன்ற குருக்கள் இதைச் சற்று நின்று படிக்கலாம்!

1956-இல், தொடக்கக் கல்வி முடித்த ஆறு சிறுவரைக் கொண்டு தம் இல்லத்திலேயே பள்ளி தொடங்கினார். காட்டுவழியே நடந்து வந்த பிள்ளைகள் நாள்தோறும் ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம் பயின்றனர். ஞாயிறும் பள்ளி, கோடையும் பள்ளி. விடுமுறை என்றால் தொழுவத்தில் சாணம் அள்ளுவதே என்றிருந்த அப்பிள்ளைகளுக்கு இது சுமையாகப் படவில்லை. ஒவ்வொரு பாடத்திற்கும் ஒரே நூல்தான். அதனைச் சுற்றி அனைவரும் நெருங்கி அமர்ந்தனர். பெரியவன் சிறியவனுக்குக் கற்பித்தான். ஒருவனுக்கு விளங்காவிடில் அவன் விளங்கிக்கொள்ளும் வரை மற்றவர் காத்திருந்தனர். செய்தித்தாளைக் கூடிப் படித்தனர். ஊருக்கு வந்த விருந்தினரை நடுவில் அமர்த்திக் கேள்விகளால் துளைத்தனர். நீரைக் கண்டு அஞ்சிய மலைப் பிள்ளைகள் அச்சம் நீங்கத் தம் கையாலேயே ஒரு சிறு நீச்சல் குளமும் அமைத்தனர். 'எனக்கு அக்கறை உண்டு' என்று பொருள்படும் 'ஐ கேர்' என்னும் ஆங்கிலச் சொற்கள் பள்ளிச் சுவரில் எழுதப்பட்டிருந்தன. அடிகளாரின் கண்டிப்பு மிகக் கடுமையானது. அதையெல்லாம் நம் பள்ளிகளில் அப்படியே பின்பற்றுமாறு நாம் சொல்ல மாட்டோம்.

ஆசிரியராக விரும்பி நகரத்துப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்த பார்பியானா மாணவர் அங்கே தேர்வில் தள்ளப்பட்டனர். வேறிடமாயின் கண்ணீரோடு முடிந்திருக்கும். இங்கோ எட்டு மாணவர் கூடி, அவ்வாசிரியைக்கு விடையாக ஒரு நூலை எழுதலாயினர். எழுதிய முறையே வியப்புக்குரியது. தோன்றிய எண்ணம் ஒவ்வொன்றையும் தனித்தனித் துண்டுத் தாளில் குறித்தனர். பின்னர் எல்லாத் தாள்களையும் மேசைமீது பரப்பி, கூறியது கூறலைக் களைந்து, ஒத்தவற்றை ஒருங்கு குவித்து, குவியல்களை வரிசைப்படுத்தினர். மிகையான சொல் ஒன்று கண்ணிற் பட்டாலும் வெட்டினர். இறுதியில் அதிகம் படிக்காத ஊராரை அழைத்து உரக்கப் படித்துக் காட்டினர். அவர்களுக்கு விளங்காத இடத்தைத் திருத்தி எழுதினர். மேடைப் பேச்சாளரும், ஏன், மறையுரை ஆற்றுவோருங்கூட இதைச் செய்து பார்க்கலாம்.

பள்ளியிலிருந்து தள்ளப்படுவோர் யாவர் என்பதை அவர்கள் புள்ளிவிவரங்களைத் திரட்டிக் கணக்கிட்டனர். தந்தையின் தொழிலையும் பிள்ளையின் தேர்ச்சியையும் அருகருகே வைத்து அட்டவணைகள் வரைந்தனர். உழவர், தொழிலாளர் மக்களே பெரிதும் வெளியேற்றப்பட்டனர் என்பது தெற்றென விளங்கிற்று. அக்கணக்காய்வுக்காக இத்தாலிய இயற்பியற் கழகம் பரிசளித்தது. தேர்வில் தவறியவர் பெற்ற பரிசு அது!

எவரையும் தேர்வில் தள்ளாதீர்; கற்க இயலாதவர் எனத் தோன்றுவோர்க்கு நாள் முழுதும் பள்ளி நடத்துங்கள்; ஊக்கமற்றவர்க்கு ஒரு குறிக்கோளைக் கொடுங்கள் என்பனவே அவர்கள் வேண்டிய மூன்று சீர்திருத்தங்கள். முதலாவதை மட்டும் பற்றிக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுவதே நம் நாட்டில் நேர்ந்த பிழை என்பது நம் கருத்து. பாடம் விளங்காத பிள்ளையை மேல்வகுப்புக்கு அனுப்பிவிட்டுக் கை கழுவுதலும் எளிது. அதே வகுப்பில் அமர்த்திவிட்டுக் கை கழுவுதலும் எளிது. மாலையில் ஒரு மணி நேரம் அவன் அருகில் அமர்வதற்குத்தான் ஆள் வேண்டும். பதினோராம் வகுப்பு மாணவன் ஏழாம் வகுப்புச் சிறுவனுக்குக் கணக்குச் சொல்லித்தரத் தடை ஏதும் இருப்பதாக நமக்குத் தெரியவில்லை. அதற்குப் பணமும் தேவையில்லை. பள்ளித் திண்ணை போதும்.

நூல் 1967 மே திங்களில் வெளிவந்தது. புற்றுநோயால் வாடிய அடிகளார் அவ்வாண்டு ஜூன் 26-ஆம் நாள், 44-ஆம் வயதில் இறையடி சேர்ந்தார். குருத்துவ உடையோடு, மலை ஏறும் காலணிகளும் அணிவித்துப் பார்பியானாவிலேயே அடக்கம் செய்தனர். 2017 ஜூன் 20 அன்று, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அங்குச் சென்று அக்கல்லறையருகே வேண்டினார்.

அந்நூல் 'எங்களை ஏன் டீச்சர் பெயிலாக்கினீங்க?' என்னும் பெயரில் தமிழிலும் கிடைக்கின்றது. பங்கு நூலகத்திற்கு ஒரு படி வாங்கியுள்ளோம். ஆசிரியர் இருவர் ஏற்கெனவே கேட்டு வைத்துள்ளனர். அவர்களுக்குப் பின் விரும்பும் பெற்றோர், ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் வந்து பெயரைப் பதிந்து செல்லலாம்.