பிழை இங்கிலீஷில் இல்லை

தமிழில் பக்கத்துக்குப் பத்துப் பிழை விட்டு எழுதுகிறவர் நம் மத்தியில் தலை நிமிர்ந்து நடக்கிறார். கேட்டால், "நமக்குத் தமிழ் அவ்வளவாக வராது" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார். சொல்வதில் கொஞ்சம் பெருமைகூடத் தெரிகிறது. அதே மனிதர் எழுதிய இங்கிலீஷ் கடிதத்தில் ஓர் 'எஸ்' விட்டுப் போயிற்று என்று யாராவது காட்டிவிட்டால் இரண்டு நாள் அவருக்குத் தூக்கம் இல்லை. முதல் பிழைக்கு வெட்கம் இல்லாத இடத்தில் இரண்டாவது பிழைக்கு மருந்து கிடையாது என்பது என் அபிப்பிராயம். அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். கோபப்படுகிறவர்கள் கடைசி வரையில் படித்துவிட்டுக் கோபப்படலாம்.

இந்தப் பயத்தை வைத்து ஒரு பெரிய வியாபாரமே நடக்கிறது. சாதாரணமாக ஏற்படும் பிழைகள் ஆயிரம் என்று ஒரு புத்தகம். முப்பதே நாளில் பிழையில்லாத இங்கிலீஷ் என்று ஒரு வகுப்பு. குழந்தை வாய் திறந்து தமிழ் பேசினால் அபராதம் போடும் ஒரு பள்ளிக்கூடம். வீட்டுக்கு வீடு 'ரென் அண்ட் மார்ட்டின்' இலக்கணம் இருக்கிறது. 1930-களில் எழுதப்பட்ட நூல் அது. எழுதிய இருவரில் ரென் என்பவர் 'போ ஜெஸ்ட்' என்ற நாவலை 1924-இல் எழுதிப் புகழ் பெற்றவர் என்பதில் கதை எழுதுகிற எனக்குக் கொஞ்சம் திருப்தியும் உண்டு. நூலில் குற்றம் இல்லை. மூன்று தலைமுறையாக அதை உருப்போட்டும் நம்முடைய விண்ணப்பங்கள் திருந்தவில்லையே, அது ஏன்?

சிரிக்கிறவர்களும் எப்போதும் இருந்திருக்கிறார்கள். 1891-இல் அர்னால்ட் ரைட் என்ற வெள்ளைக்காரர் இந்தியப் பத்திரிகைகளின் இங்கிலீஷைக் கேலி செய்து லண்டனில் ஒரு புத்தகமே போட்டார். அவர் சிரித்ததையாவது மன்னிக்கலாம். நம்முடைய பாஷை அவருக்கு அந்நியம். இன்றைக்கு ஓர் ஏழைப் பையனின் கடிதத்தைப் பார்த்துச் சிரிக்கிறவர் அவனோடு ஒரே பாஷை பேசுகிறவர். பிழை எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

சமீபத்தில் படவேட்டுக்குப் போயிருந்தேன். ரேணுகாம்பாள் கோயிலுக்கு ஆடி மாதத்தில் ஜனங்கள் திரளும் ஊர். ஆரணிப் பட்டு என்று கடைகளில் விலையாகும் புடவைகளுக்கு அந்தச் சுற்றுவட்டாரத்துத் தறிகள்தாம் பிறப்பிடம். ஒரு நெசவாளியின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அவர் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினார். "ஐயா, பேங்குக் கடனுக்குப் பையன் இங்கிலீஷ்ல எழுதியிருக்கான். தப்பு கிப்பு இருந்தா நீங்கதான் பார்த்துச் சொல்லணும்" என்றார். பையன் டிப்ளமா படித்தவன். கதவோரத்தில் நின்றுகொண்டிருந்தான்.

கடிதத்தில் முதல் வாக்கியத்தின் சாரம் இதுதான்: 'ஹேவிங் வோவன் ஸில்க் ஸாரீஸ் ஸின்ஸ் ட்வென்டி இயர்ஸ், எ லோன் மே கைண்ட்லி பி ஸாங்ஷன்ட்.' இதன்படி இருபது வருஷமாகப் பட்டுப் புடவை நெய்தது கடன்! நெய்த மனிதர் வாக்கியத்திலேயே இல்லை.

"தம்பி, இதில் அப்பா எங்கே?" என்று கேட்டேன்.

பையன் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இல்லையே சார்" என்றான்.

"சரி, மானேஜருக்குத் தமிழ் தெரியும் என்று வைத்துக்கொள். நேரில் போய் என்ன சொல்லுவாய்?"

"எங்கப்பா இருபது வருஷமா நெய்யறாரு சார். புதுத் தறி போடணும். கடன் கொடுங்கன்னு சொல்லுவேன்."

மூன்று வாக்கியம். ஒன்றிலும் பிழை இல்லை. ஒன்றிலும் குழப்பம் இல்லை. அந்த மூன்றையும் வரிசை மாறாமல் இங்கிலீஷில் எழுதச் சொன்னேன். கால் மணி நேரத்தில் எழுதிவிட்டான். இரண்டே இடத்தில்தான் திருத்த வேண்டியிருந்தது. இவனுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று யார் சொல்ல முடியும்? யாரோ ஒருவருடைய பழைய மனுவைப் பார்த்துத்தான் அவன் எழுதியிருந்தான். அந்த யாரோ, கும்பினிக் காலத்துக் குமாஸ்தா எழுதியதைப் பார்த்து எழுதியிருப்பார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பவணந்தி முனிவர் நன்னூலில் ஏழு வகை வழு சொல்லியிருக்கிறார்: திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு. சாதாரணப் பிழைகளுக்கு இதைவிட நல்ல பட்டியல் எனக்குத் தெரிந்து கிடையாது. இங்கிலீஷ் விண்ணப்பத்தில் வரும் பிழைகளை இதில் பொருத்திப் பாருங்கள்.

முதலில் பால் வழு. ஒன்றா பலவா என்பதும் பாலில் அடக்கம். தமிழில் 'புடவைகள் வந்தது' என்று எழுதுகிற கைதான் இங்கிலீஷில் 'தி ஸாரீஸ் வாஸ் ஸென்ட்' என்று எழுதுகிறது. பேச்சில் அது போகட்டும். எழுத்தில் 'புடவைகள் வந்தன' என்று எழுதப் பழகியவன் எழுவாயை ஒரு முறை திரும்பிப் பார்க்காமல் வினைமுற்றைப் போட மாட்டான். 'நெசவாளர்களின் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது' என்ற வாக்கியத்தில் எழுவாய் பட்டியலா, நெசவாளர்களா என்று தெரிந்தவனுக்கு, 'தி லிஸ்ட் ஆஃப் வீவர்ஸ்' என்பதற்குப் பின்னால் 'ஆர்' வராது, 'இஸ்'தான் வரும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 'ஒன் ஆஃப் மை ஃபிரண்ட்' என்று எழுதுகிறார்களே, அதைத் தமிழின் தலையில் கட்ட முடியுமா? 'என் நண்பர்களில் ஒருவர்' என்று பன்மையோடுதானே நாம் சொல்கிறோம்! தமிழை நினைத்து எழுதியிருந்தால் சரியாக வந்திருக்கும்.

பையன் எழுதிய 'ஸின்ஸ் ட்வென்டி இயர்ஸ்' என்பதும் அப்படித்தான். '2004 முதல் நெய்கிறார்' என்கிறோம். 'இருபது வருஷமாக நெய்கிறார்' என்கிறோம். 'இருபது வருஷம் முதல் நெய்கிறார்' என்று யாராவது சொல்வதுண்டா? 'முதல்' வருகிற இடத்தில் 'ஸின்ஸ்'; 'ஆக' வருகிற இடத்தில் 'ஃபார்'. இதைச் சொல்லிக் கொடுக்க அரை நிமிஷம் போதும். சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை.

அடுத்து, கடன் புடவை நெய்த விவகாரம். 'செய்து' என்ற வாய்பாட்டில் வரும் வினையெச்சம், தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடிய வேண்டும் என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. நெய்தவர் எவரோ அவரே கேட்கவும் வேண்டும். விதிக்கு விலக்கு உண்டு. அதையும் இலக்கணமே சொல்லிவிடுகிறது. இங்கிலீஷ்காரர் இந்தப் பிழைக்கு, தொங்குகிற எச்சம் என்கிற மாதிரி ஒரு பேர் வைத்துப் புத்தகம் புத்தகமாக எச்சரிக்கிறார். நாமோ வீட்டில் இருந்த விதியை மறந்துவிட்டு, கூலி கொடுத்து அதை வெளியில் படிக்கிறோம்.

கடைசியாக மரபு. ஆட்டுக்குக் குட்டி, மாட்டுக்குக் கன்று, கோழிக்குக் குஞ்சு. மாற்றிச் சொன்னால் அர்த்தம் புரியும், ஆனாலும் வழு. 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குப் பின்னால் 'அபௌட்' போடுவதும், 'கோப்' என்பதற்குப் பின்னால் 'அப்' போடுவதும் இந்த இனம். இதற்குக் காரணம் கேட்டுப் பிரயோசனம் இல்லை. உயர்ந்தோர் வழக்கைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். மரபு என்று ஒன்று உண்டு என்பதைத் தன் பாஷையில் அறிந்தவன், பிறத்தியார் பாஷையிலும் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வான்.

எது பிழை, எது பிழையில்லை என்று பிரித்துப் பார்க்கும் நிதானமும் இலக்கணத்தால்தான் வரும். படவேடு என்ற பேரையே எடுத்துக்கொள்ளுங்கள். சம்புவராயர்கள் தலைநகராக வைத்திருந்த படைவீடு அது. ஜனங்களின் வாயில் புரண்டு படவேடு ஆயிற்று. இலக்கணம் அதைத் தள்ளவில்லை. மரூஉ என்று பேர் கொடுத்து ஏற்றுக்கொள்கிறது. இங்கிலீஷிலும் இப்படி உண்டு. கூட்டத்தை முன்கூட்டியே நடத்துவதற்கு நம்மவர் வழங்கும் 'ப்ரிபோன்' என்ற சொல் ஆக்ஸ்போர்டு அகராதியில் ஏறிவிட்டது. அதைப் பார்த்துச் சிரித்தவர்களின் சிரிப்பு என்ன ஆயிற்று?

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். "தமிழே பல இடங்களில் நம்மைத் தவறாக இழுத்துவிடுகிறதே?" என்று கேட்பார்கள். வாஸ்தவம். 'எ', 'தி' என்ற சொற்களுக்கு நேராகத் தமிழில் ஒன்றும் இல்லை. 'இருபது வருஷமாக நெய்கிறார்' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதை இங்கிலீஷ் 'ஹாஸ் பீன் வீவிங்' என்று வேறு விதமாகக் கேட்கிறது. 'போன மாசமே மனு கொடுத்திருக்கிறேன்' என்பது தமிழில் சரி. 'லாஸ்ட் மன்த்' என்று நாள் குறித்த பிறகு இங்கிலீஷில் 'ஹேவ்' போடக் கூடாது. 'அவன்தான் வந்தான்' என்பதில் வரும் 'தான்' எல்லா இடத்திலும் 'ஒன்லி' ஆகிவிடாது. இவற்றையெல்லாம் தனியே படித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் தமிழ் எங்கே உதவுகிறது, எங்கே இழுக்கிறது என்று பார்க்க, தமிழின் அமைப்பு முதலில் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? ஒரு கரை தெரியாதவன் ஆற்றின் அகலத்தை எப்படிச் சொல்வான்?

"இதெல்லாம் எதற்கு? கணினியே திருத்திக் கொடுத்துவிடுகிறதே!" என்பது இந்தக் காலத்து ஆட்சேபம். கொடுக்கிறது, அழகாகவே கொடுக்கிறது. 'அப்பாவும் செயலாளரும் சந்தித்தார்கள். அவர் பணம் கட்டுவதாக ஒப்புக்கொண்டார்' என்று ஒருவன் இங்கிலீஷில் எழுதுகிறான். அந்த 'ஹீ' யார்? அப்பாவா, செயலாளரா? இயந்திரம் எழுத்துப் பிழையைத் திருத்தும், வாக்கியத்தை வழவழப்பாக்கும், ஒருவேளை யாராவது ஒருவரைத் தானே தீர்மானித்தும் வைக்கும். அடியில் கையெழுத்துப் போடுகிறவர் நெசவாளி. நாளைக்குப் பணத்தைக் கேட்டு வீட்டு வாசலில் ஆள் நிற்கும்போது இயந்திரம் வந்து பதில் சொல்லாது. சரியா என்று படித்துப் பார்க்கத் தெரியாதவனுக்குத் திருத்திக் கொடுத்து என்ன லாபம்?

இங்கிலீஷே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் திரித்துவிட வேண்டாம். சர்க்காருக்குக் குறை சொல்லி எழுத இங்கிலீஷ் அவசியமில்லை. மாநிலத்திலோ மத்தியிலோ எந்த அதிகாரிக்கும் அங்கே வழங்கும் பாஷை எதிலும் மனுக் கொடுக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 350-ஆவது பிரிவு உரிமை கொடுத்திருக்கிறது. படவேட்டு நெசவாளிக்கு இதை ஒருவரும் சொன்னதில்லை என்பது வேறு சங்கதி. ஆனால் அதே அரசியல் சட்டத்தின் 348-ஆவது பிரிவு உயர் நீதிமன்றத்தை இங்கிலீஷில் பேச வைத்திருக்கிறது. இன்ன துணிகளைக் கைத்தறியில்தான் நெய்ய வேண்டும் என்று ஒதுக்கிய 1985-ஆம் வருஷத்துச் சட்டத்தின் நுணுக்கங்களை இங்கிலீஷில் வைத்துத்தான் வக்கீல்கள் வாதாடுகிறார்கள். வெளியூர் வியாபாரிக்கும் தமிழ் தெரியாது. ஆகவே இங்கிலீஷ் வேண்டும். அதுவும் பிழையில்லாமல் வேண்டும். சோறு சம்பந்தப்பட்ட விஷயம். அதனால்தான் குறுக்கு வழி காட்டி ஏமாற்றுகிறவர்கள் மேல் எனக்கு இத்தனை ஆத்திரம்.

தமிழ் இலக்கணம் படித்தால் இங்கிலீஷ் கெட்டுவிடும் என்று நம்புகிறவர்களுக்கு ஒரே ஒரு பேரை ஞாபகப்படுத்துகிறேன்: சி.வை. தாமோதரம் பிள்ளை. 1857-இல் தோன்றிய சென்னைச் சர்வகலாசாலையின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவர். அதே மனிதர்தான் 1868-இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு அச்சிட்டார். 1881-இல் வீரசோழியத்தைப் பதிப்பித்தார். ஒரு தலைக்குள் இரண்டு இலக்கணமும் சண்டையில்லாமல் இருந்தன.

பெற்றோர்களுக்கு ஒன்று சொல்கிறேன். குழந்தை ஒரு கடிதம் எழுதும்போது, முதலில் அதைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். யார் செய்தார், என்ன செய்தார், எப்போது செய்தார் என்று மூன்று கேள்வி கேளுங்கள். ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி போதும். நெய்கிறவர் பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடி போட்டுவிட்டுத்தான் மேலே நெய்வார். எழுவாய் அறுந்த வாக்கியத்தை மட்டும் நாம் ஏன் அடுத்த வரிக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டும்? தமிழில் நின்றுவிட்டால் பிறகு இங்கிலீஷுக்கு மாற்றலாம். அப்போது வருகிற பிழைகள் சில்லறைப் பிழைகள். அவற்றைத் திருத்த ரென்னும் மார்ட்டினும் போதும்.

அடுத்த ஜூனில், கடன் வாங்கியாவது இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்டப் போகிறீர்கள். கட்டுங்கள். ரசீது வாங்கும்போது ஒரு கேள்வி மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள்: "இங்கே வினையெச்சத்தை எந்த வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறீர்கள்?"