கருவி மட்டும் போதாது

முதுகுத்தண்டு அறுவைச் சிகிச்சைக்காக உதகையிலிருந்தும் குன்னூரிலிருந்தும் கோவைக்குச் செல்லும் குடும்பத்தினர், “நரம்பைக் கண்காணிக்கும் கருவி அங்கு உண்டா?” என்று எங்களிடம் கேட்கின்றனர். நல்ல கேள்விதான், ஆனால் பாதிக் கேள்வி.

அக்கருவி, தலையில் அளிக்கும் மின்தூண்டல் தண்டுவடம் வழியே கைகால் தசைகளை வந்தடைகிறதா என்று பதிவு செய்கிறது. சுவாசத்தில் தரப்படும் மயக்க வாயு அந்தச் சமிக்ஞையைத் தணிக்கும். தசைத் தளர்வு மருந்து அதை மறைத்தேவிடும். இரத்த அழுத்தம் குறைந்தாலும், உடல் குளிர்ந்தாலும் அது மங்கும். ஆகவே திரையில் அலை தாழும்போது, தண்டுவடத்துக்கு ஆபத்தா, மருந்தின் விளைவா என்பதைக் கருவி தானாகச் சொல்லாது. மயக்க மருத்துவர் மருந்தை மாற்றுமுன் அறிவிக்க வேண்டும். கண்காணிப்பவர் மாற்றத்தைக் கண்டவுடன் உரக்கச் சொல்ல வேண்டும். மௌனத்தில் கழியும் நிமிடங்களுக்கு நோயாளியின் கால்களே விலையாகலாம்.

கத்தி வைக்குமுன் குழுவினர் அனைவரும் தத்தம் பெயரையும் பணியையும் சொல்ல வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட பாதுகாப்புப் பட்டியல் கூறுகிறது. அதைச் சடங்காகக் கருதலாகாது என்பதே எங்கள் கருத்து. பெயரறிந்தவரிடம் எச்சரிக்கை சொல்வது எளிது.

எனவே, மயக்க மருத்துவரைச் சந்திக்கையில் வலிப்பு நோய், பேஸ்மேக்கர், உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றை மறைக்காமல் கூறுங்கள். பின்னர், “நரம்பைக் கண்காணிப்பவரும் தாங்களும் முன்கூட்டியே கலந்து பேசுவீர்களா?” என்று தயங்காமல் கேளுங்கள். அக்கேள்வி மருத்துவர்களாகிய எங்களுக்கு அவமதிப்பன்று, கடமையின் நினைவூட்டல்.