ஒரு பக்கத்துக்கு ஒரு மாதமா?

“இன்னுமா முடியவில்லை?” என்று என் அண்ணன் மகளை நானும் கேட்டவன்தான். கொல்லங்கோட்டில் மலையாளம் படித்து வளர்ந்த பெண். வேலைக்குப் போய்வந்து, இரவில் இணையத்துக்காகத் தமிழில் சித்திரக்கதை வரைகிறாள். ஒரு பக்கத்துக்கு ஒரு மாதம் ஆகிறது.

ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நாம் விழுந்து விழுந்து படித்த இரும்புக்கை மாயாவி, இங்கிலாந்துப் பத்திரிகைக்காக ஒருவர் எழுத, ஸ்பெயின் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தது. 1972-இல் சிவகாசி முத்து காமிக்ஸ் அதைத் தமிழில் தந்தது. அங்கே பலர் சம்பளத்துக்குச் செய்த வேலையை இவள் ஒருத்தியே சும்மா செய்கிறாள். ஆறு கட்டத்திலும் அதே முகம் வர வேண்டும். கதை மாறினால் வரைந்தது வீண்.

அதிக நேரம் பிடிப்பது வசனம்தான். ‘அறையா, அரையா’ என்று அகராதியைப் புரட்டுகிறாள். எந்த வகுப்பும் தராத தமிழ்ப் பாடமல்லவா அது?

பாலக்காட்டின் ஓ.வி. விஜயன், கார்ட்டூனிஸ்ட், ‘கசாக்கின் இதிகாச’த்தைப் பன்னிரண்டு ஆண்டுகள் எழுதினார் என்று பெருமை பேசுகிறோம். அது 1969-இல் புத்தகமானது. நம் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் ஏன் அவசரம்?

பெற்றோர்களே, “எப்போது முடியும்?” என்று கேட்காதீர்கள். “அடுத்த பக்கத்தில் என்ன நடக்கிறது?” என்று கேளுங்கள். தமிழ் வீட்டில் தங்கும்.