குளிர்ந்த குள்ளனின் சீற்றம்

சூரியனிற் கறைகள் தோன்றுவதும், அவற்றினருகே தீப்பிழம்பு சீறியெழுவதும் காந்தவிசையின் வேலையே என்பதை இப்பகுதியில் முன்னர் விளக்கினோம். அதனை வாசித்த மாணவர் ஒருவர், "மிகக் குளிர்ந்த நட்சத்திரங்களிலும் இவ்வாறு நிகழுமோ?" என வினவியுள்ளார். முப்பது ஆண்டுகளுக்கு முன் வினவியிருப்பின் "பெரும்பாலும் நிகழாது" என்றே விடையிறுத்திருப்போம். அதற்குப் புள்ளியும் கிடைத்திருக்கும்.

நியாயம் இதுதான். மின்னேற்றம் பெற்ற வாயுவையே காந்தவிசை பற்றி முறுக்க இயலும். அம்முறுக்கு அறும்போது சீற்றம் பிறக்கின்றது. மேற்பரப்பு வெப்பநிலை 2,000 பாகை சதமளவை அண்டிய குள்ள நட்சத்திரங்களிலோ மின்னேற்றம் மிகவும் அரிது. பற்றுதற்குப் பிடியேது?

1999 டிசம்பர் 15 அன்று, விண்ணிற் சுற்றும் 'சந்திரா' தொலைகாட்டி (சந்திரசேகர் என்னும் நம்மவரின் பெயர் தாங்கியது) எல்.பி. 944-20 என்னும் கபிலக் குள்ளனை நோக்கிற்று. ஐதரசனை நிலையாக எரித்தற்குப் போதிய திணிவின்றி, நட்சத்திரமாகாமலே நின்றுவிட்ட பொருளைக் கபிலக் குள்ளன் என்பர். ஒன்பது மணித்தியாலம் யாதும் தென்படவில்லை. பின்னர் திடீரென எக்ஸ் கதிர்கள் சீறியெழுந்து, இரண்டொரு மணித்தியாலத்தில் தணிந்தன.

அடுத்த ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோவிலுள்ள வானொலித் தொலைகாட்டி நிலையத்திற்குப் பயிற்சிக்கு வந்திருந்த மாணவர் சிலர், அங்குள்ள 27 பெருந்தட்டுகளையும் அதே குள்ளன்மீது திருப்பினர். அக்காலக் கணிப்பின்படி அதன் வானொலி அலைகள் அத்தட்டுகளுக்கும் எட்டாத அளவு மெலிந்திருத்தல் வேண்டும். கிடைத்தனவோ கணித்ததிலும் 10,000 மடங்கு வலியன! எடோ பேகர் முதலானோரின் கட்டுரை 2001 மார்ச்சில் 'நேச்சர்' இதழில் வெளியாயிற்று. அப்பொழுது நாமும் ஏறக்குறைய அவர்கள் வயதினராய்ப் பௌதிகமே பயின்றுகொண்டிருந்தோம். வானத்தை நோக்காது வினாப்பத்திரங்களையே நோக்கியிருந்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

பின்னர் விளங்கியது யாதெனில், இக்குள்ளர்களிற் சில சூரியனைப் போலன்றி வியாழக் கிரகத்தைப் போல நடந்துகொள்கின்றன என்பதே. யாழ் மண்டலத்தில், சுமார் 18 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள மற்றொரு குளிர்ந்த குள்ளன் மூன்று மணித்தியாலத்திற்குள் ஒருமுறை சுழல்கின்றது. பூமியின் காந்தத்தினும் பல்லாயிரம் மடங்கு வலிய அதன் காந்தம் இலத்திரன்களைத் துருவங்களை நோக்கிச் செலுத்த, அங்கே துருவவொளி எழுகின்றதென 2015இல் கண்டனர். 2023இல் அதனைச் சூழ்ந்த மின்துகள் வளையமும் படமாக்கப்பட்டது.

வியாழனுக்கு அத்துகள்களை ஊட்டுவது இயோ என்னும் அதன் சந்திரனிலுள்ள எரிமலைகள். இக்குள்ளனுக்கு ஊட்டுவது எதுவோ? நம் மாணவர் அடுத்த கடிதத்தில் இதைத்தான் கேட்பார். அதற்கு எம்மிடம் இன்னும் விடையில்லை.