தாமிரத்துக்கு ஏலம், குழிக்கு யார் பொறுப்பு?

முக்கியக் கனிமங்களுக்கான சுரங்கத் திட்டங்களுக்கு இனி மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவையில்லை என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 செப்டம்பர் 8 அன்று ஓர் அலுவலகக் குறிப்பாணை வெளியிட்டது. ஊரின் காலடியில் வெடி வைத்துத் தோண்டப்போகிறவர்கள் அந்த ஊரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை. இதற்கு நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டுவதை எப்படி ஏற்பது?

அந்தச் சலுகைப் பட்டியலில் அப்போது தாமிரம் இல்லை என்பது உண்மை. ஆனால், 2023-ல் மத்திய அரசு அறிவித்த 30 முக்கியக் கனிமங்களில் தாமிரம் உண்டு. குறிப்பாணைக்கு முந்தைய மாதம்தான் கனிமச் சட்டத்தில் ஒரு திருத்தம் நிறைவேறியது. அதன்படி, ஒரு கனிமத்துக்குக் குத்தகை எடுத்தவர் அதே இடத்தில் கிடைக்கும் வேறு கனிமங்களையும் குத்தகையில் சேர்த்துக்கொள்ளலாம். மத்தியப் பிரதேசத்தின் மலாஞ்ச்கண்ட் சுரங்கத்தில் தாமிரத்தோடு மாலிப்டினமும் கிடைக்கிறது. மாலிப்டினம் சலுகைப் பட்டியலில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், தாமிரச் சுரங்கங்களுக்கும் கருத்துக்கேட்பு இல்லாமல் போகும் நாள் தொலைவில் இல்லை என்பது விளங்கும்.

தேசிய முக்கியக் கனிம இயக்கத்துக்கு மத்திய அரசு ஒதுக்கியிருப்பது 16,300 கோடி ரூபாய். 2030-31-க்குள் 1,200 தேடல் திட்டங்கள் என்பது இலக்கு. தேடட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. கண்டுபிடித்த பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் என் சண்டை. அதிலும் குறிப்பாக, தரைமட்டத்துக்கு அருகில் கிடக்கும் தாமிரத்தைப் பற்றிச் சொல்லப்படும் ‘மேலாகத்தான் இருக்கிறது, எடுக்கச் செலவு குறைவு’ என்ற வாதத்தோடு.

மேலாக இருக்கும் தாமிரத்தைக் கண்டுபிடிப்பது எளிது. பாறையில் பச்சைக் கறை தெரியும். பக்கத்திலேயே துருவேறிய செம்பழுப்புப் பாறை தொப்பிபோலக் கவிந்திருக்கும். ராஜஸ்தானின் கேத்ரியிலும் ஜார்க்கண்டின் சிங்பூமிலும் பழங்காலத்து மக்கள் இதைப் பார்த்துத்தான் தோண்டினார்கள். இன்றைய புவியியலாளரும் அங்கிருந்தே தொடங்குகிறார்: மண் மாதிரி, ஆய்வுக் குழி, கடைசியில் துளைக்கருவி. துளைக்கருவி உருவியெடுத்த பாறைத் தண்டுகளை மரப்பெட்டிகளில் வரிசையாக அடுக்கியிருப்பார்கள். மேலிருந்து சில பத்து மீட்டருக்குப் பச்சையும் நீலமுமாக இருக்கும். அது காற்றும் மழைநீரும் பட்டு மாறிய தாது. அதற்குக் கீழே சாம்பல் பாறைக்குள் பித்தளை மஞ்சளில் பொடிப்பொடியாக மின்னுவது கந்தகத்தோடு பிணைந்த தாமிரம்.

அந்த மஞ்சள்தான் வினை. மண்ணுக்குள் மூடிக்கிடக்கும்வரை அதனால் யாருக்கும் கேடில்லை. வெட்டித் திறந்து காற்றும் மழையும் படவிட்டால், தாதுவோடு கலந்திருக்கும் இரும்புக் கந்தகம் கந்தக அமிலமாகக் கசியத் தொடங்கும். அமிலம் பாறையிலுள்ள உலோகங்களைக் கரைத்துக்கொண்டு ஓடைக்குப் போகும். சுரங்கம் மூடப்பட்டாலும் இது நிற்காது. குத்தகைக் காலம் முடிந்துவிட்டது என்று வேதியியலுக்குத் தெரியாது.

இப்போது கணக்குக்கு வருவோம். நம் நாட்டில் எடுக்கப்படும் தாதுவில் தாமிரம் சுமார் 1 சதவீதம். அதாவது, சிந்தாமல் சிதறாமல் பிரித்தாலும் 100 டன் தாதுவுக்கு 1 டன் தாமிரம். திறந்தவெளிச் சுரங்கத்தில் தாதுவுக்கு மேலும் பக்கத்திலும் உள்ள பாறையை முதலில் அகற்ற வேண்டும். ஒரு டன் தாதுவுக்கு 3 டன் பாறை என்று வைத்துக்கொண்டால், 1 டன் தாமிரத்துக்காக 400 டன்னைப் பெயர்க்கிறோம். 1 டன் லாரியேறிப் போய்விடும். மீதி 399 டன் அந்த ஊரிலேயே கிடக்கும். அதில் 300 டன் கற்குவியல். 99 டன் மாவாக அரைக்கப்பட்டு, தண்ணீர் கலந்த சேறாக அணைகட்டித் தேக்கப்பட்டிருக்கும். நெய்வேலியின் மேல்மண் மலைகளைப் பார்த்தவர்களுக்குக் கற்குவியலின் உயரம் புரியும். சேற்று அணையின் ஆபத்து நமக்கு இன்னும் பழக்கமில்லை.

ஜாம்பியாவுக்குப் பழக்கம். 2025 பிப்ரவரி 18-ல், அந்நாட்டின் சம்பிஷியில் சைனோ மெட்டல்ஸ் லீச் என்ற தாமிர நிறுவனத்தின் கழிவு அணை உடைந்தது. ஏறத்தாழ 5 கோடி லிட்டர் அமிலக் கழிவு ஓடை வழியாகக் கஃபூவே ஆற்றில் கலந்தது. மீன்கள் செத்து மிதந்தன. சுமார் 7 லட்சம் பேர் வாழும் கிட்வே நகரத்துக்குக் குடிநீர் நிறுத்தப்பட்டது. அமிலத்தை முறிக்க விமானப்படையை அனுப்பி ஆற்றில் சுண்ணாம்பு கொட்டியது அரசு. எந்தத் திட்ட அறிக்கையின் செலவுக் கணக்கில் இந்த விமானங்கள் இருந்தன?

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் பியூட் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள பெர்க்லி திறந்தவெளித் தாமிரச் சுரங்கம் 1955-ல் தொடங்கி 1982-ல் மூடப்பட்டது. நீரிறைக்கும் பம்புகளை நிறுத்தினார்கள். குழியில் நிலத்தடி நீர் ஏறி, எலுமிச்சைச் சாறு அளவுக்குப் புளித்த ஏரியானது. 1995-ல் அதில் இறங்கிய பனி வாத்துகளில் 342 செத்தன. 2016-ல் 3,000-க்கும் மேல். இன்றும் அந்த நீரை இறைத்துச் சுத்திகரித்துக்கொண்டிருக்கிறார்கள். என்றைக்கு முடியும் என்று அங்கே யாரும் தேதி குறிப்பதில்லை. 27 ஆண்டு எடுத்த தாமிரத்துக்கு இந்த விலை. பியூட் சுரங்கம் மூடப்பட்ட அதே 1982-ல்தான் மலாஞ்ச்கண்ட் திறந்தவெளிச் சுரங்கம் இயங்கத் தொடங்கியது. கோண்டுகளும் பைகாக்களும் வாழும் பாலாகாட் மாவட்டம் அது. நாட்டின் மிகப் பெரிய தாமிரக் குழி அங்கேதான் இருக்கிறது.

குழியை மூட நம் சட்டம் எவ்வளவு பணம் கேட்கிறது? பெரிய சுரங்கங்களுக்கு, பயன்படுத்தும் நிலத்தில் ஹெக்டேருக்கு 5 லட்சம் ரூபாய். 2021-ல் 3 லட்சத்திலிருந்து உயர்த்தி, அதையும் ஒரு சாதனைபோல அறிவித்தார்கள். ஏக்கருக்கு 2 லட்சம்! இன்று ஊர்ப்புறத்தில் ஓர் ஏக்கர் மேட்டை வெட்டிச் சமன்செய்து வேலி போடவே அது போதுமா? 500 ஹெக்டேரில் ஆண்டுக்கு 25,000 டன் தாமிரம் எடுக்கும் ஒரு சுரங்கத்தை எடுத்துக்கொள்வோம். டன் 10,000 டாலர் என்றால் ஆண்டு மதிப்பு 2,000 கோடி ரூபாயைத் தாண்டும். மூடுவதற்கான பிணையத் தொகை 25 கோடி. ஐந்து நாள் உற்பத்தியின் மதிப்புகூட இல்லை.

ஏலம் எடுத்தவர்கள் செயல்பாட்டுப் பிணையம் கட்டுகிறார்களே என்பார்கள். அது கனிமத்தின் மதிப்பை வைத்துக் கணக்கிடப்படுவது. குழியின் ஆழமும் கழிவின் அளவும் அமிலத்தின் ஆயுளும் அந்தக் கணக்கில் எங்கே? மாவட்டக் கனிம அறக்கட்டளை இருக்கிறதே என்பார்கள். பழைய குத்தகைக்காரர்கள் உரிமத்தொகையில் 30 சதவீதம் அதற்குத் தருகிறார்கள். ஏலத்தில் எடுத்தவர்களுக்கு 10 சதவீதம்தான். புதிய குழி தோண்டப்படும் ஊருக்குப் பங்கு குறைவு. இதை எழுதியவர்கள் ஒரு சுரங்க ஊரிலாவது ஒரு மழைக்காலம் தங்கியிருக்க மாட்டார்கள்.

சிலியைப் பாருங்கள் என்று நான் பலமுறை எழுதியிருக்கிறேன், மறுபடியும் எழுதுகிறேன். உலகத் தாமிரத்தில் ஏறத்தாழ கால் பங்கைத் தரும் நாடு அது. சுரங்கம் அந்நாட்டின் சோறு. அப்படியிருந்தும் 2011-ல் சுரங்க மூடல் சட்டம் கொண்டுவந்தது. மாதம் 10,000 டன்னுக்கு மேல் வெட்டும் எந்த நிறுவனமும், மூடுவதற்கு உண்மையில் எவ்வளவு ஆகும் என்று அந்தந்தச் சுரங்கத்துக்கே தனியாகக் கணக்கிட்டுத் திட்டம் தர வேண்டும். அரசு ஒப்புக்கொண்ட தொகைக்கு நிதிப் பிணையம் தர வேண்டும். சுரங்கம் ஓடும்போதே அந்தப் பிணையம் முழுமையாகிவிட வேண்டும். தாது தீர்ந்து, நிறுவனம் கையை விரிக்கும் நாளில் அரசின் கையில் பணம் இருக்கும். இதனால் சிலியின் தாமிரத் தொழில் படுத்துவிட்டதா? இன்றும் முதலிடம் அதற்குத்தான். ஹெக்டேருக்கு இவ்வளவு என்று எல்லாக் குழிக்கும் ஒரே விலை போடும் நம் விதியை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது.

இதையெல்லாம் சொன்னால், மின்வாகனத்துக்குத் தாமிரம் எங்கிருந்து வரும், உருக்காலைகளுக்கான தாதுவில் 90 சதவீதத்துக்கு மேல் இறக்குமதிதானே என்று தொழில்துறையினர் கேட்கிறார்கள். கேள்வி சரி, பதில் தவறு. இறக்குமதியைக் குறைக்கும் செலவை ஏன் ஒரு மலைக் கிராமத்தின் கிணறு ஏற்க வேண்டும்? மூடும் செலவையும் சேர்த்தால் லாபம் வராது என்கிற சுரங்கம், லாபமில்லாத சுரங்கம். அதைத் தோண்டக் கூடாது. இதற்கு மேல் அவர்களோடு வாதாட ஒன்றுமில்லை. சுரங்கமே வேண்டாம் என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நாம் வாங்கும் கம்பி எங்கோ ஒரு சம்பிஷியிலிருந்துதான் வருகிறது. இங்கே வேண்டாம் என்று மட்டும் சொல்வது அங்கே இருப்பவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

தாமிரச் சுரங்கமே இல்லாத தமிழ்நாட்டுக்குக் கழிவு என்றால் என்னவென்று தெரியும். தூத்துக்குடியில் உப்பாறு உட்பட 11 இடங்களில் கொட்டப்பட்ட ஸ்டெர்லைட் ஆலையின் தாமிரக் கசடு, 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஆலைக்குத் திறப்பு அனுமதி மறுத்தபோது முக்கியப் பிரச்சினையாக நின்றது. அது உருக்கி முடித்த கசடு. சுரங்கக் கழிவோ அதைவிடப் பல மடங்கு. கந்தகம் உள்ளே இருக்கும் கழிவு.

ஆகவே, மூடும் செலவைச் சுரங்கத்துக்குச் சுரங்கம் தனியாகக் கணக்கிட்டு, அதற்கு நிகரான பணத்தை முன்கூட்டியே கட்ட வைக்கும் சட்டம் வரும்வரை, இந்தியாவில் எந்தத் திறந்தவெளித் தாமிரப் பகுதியையும் ஏலம் விடக் கூடாது. ஏற்கெனவே விட்டவற்றை நிறுத்திவைக்க வேண்டும். செப்டம்பர் 8 குறிப்பாணையைத் திரும்பப்பெற வேண்டும். தூத்துக்குடியைப் பார்த்த மாநிலத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்கள்தான் இதை முதலில் எழுப்ப வேண்டும். பாலாகாட்டுக்காகப் பேச அங்கே வேறு ஆள் அதிகமில்லை.