ஆளுநர் மகளுக்கு ஒரு கோட்டை

பெடாஸ் வட்டாரத்தில் பெய்யும் மழை சிற்றோடைகளாய் ஓடி, ரெம்பாவ் ஆற்று நீரோடு கூடி, லிங்கி ஆறாகிக் கடலை அடைகிறது. அந்த ஆறு கடலோடு கலக்கும் இடத்தில், மலாக்கா மாநில எல்லைக்குள், ஒரு குன்றின்மேல் பழைய டச்சுக் கோட்டையின் சிதைவுகள் உள்ளன. பிலிப்பினா கோட்டை என்பது அதன் பெயர். பள்ளிச் சுற்றுலாவில் அங்கே செல்லும் மாணவர்க்கு ஒரு வரி சொல்லப்படும்: பத்தாவியாவில் இருந்த டச்சுத் தலைமை ஆளுநர் யாக்கோப் மொசெல் என்பாருடைய மகளின் பெயர் இக்கோட்டைக்கு இடப்பட்டது. மாணவர் அதனைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வர், பேருந்தில் ஏறுவர். பாடம் முடிந்தது.

முடியலாமா? தோட்டத் தமிழர் பிள்ளைகளுக்கு அந்த ஒரு வரியிலிருந்துதான் பாடம் தொடங்கவேண்டும். ஏனெனில் அந்த மொசெல் என்பவர் தமிழ் மண்ணுக்கு அயலார் அல்லர். அவருடைய வாழ்வும் வளமும் மணமும் பதவியும் உருவான ஊர் நாகப்பட்டினம்!

மொசெல் 1704-இல் ஒல்லாந்து நாட்டின் என்க்ஹவுசென் என்னும் துறைமுக ஊரில் பிறந்தார். பதினைந்து வயதளவில் சாதாரணக் கப்பலாளாக டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பலில் ஏறினார். 1721-இல் சோழமண்டலக் கரைக்கு வந்து, கணக்கர் வேலையில் அமர்ந்து, படிப்படியாக உயர்ந்தார். 1730-இல் அவர் மணந்துகொண்ட அட்ரியானா அப்பெல்ஸ் அக்கரையின் ஆளுநராக விளங்கிய அட்ரியான் பிளாவின் மாற்றாந்தந்தை உறவில் வளர்ந்த மகள். மணமகளுக்கு வயது பதினான்கு. எட்டாண்டுகளில், அதாவது 1738-இல், மொசெலே ஆளுநர் ஆனார். திறமையால் உயர்ந்தார் என்று எழுதுவோர் எழுதட்டும். பெண் கொடுத்த வீடு எது என்பதையும் சேர்த்து எழுதினால் குறைவொன்றும் வந்துவிடாது. கம்பெனியின் பெரும்பதவிகள் அந்நாளில் சில குடும்பங்களுக்குள் கொள்வினை கொடுப்பினையாகவே சுற்றி வந்தன.

நாகையில் ஏறத்தாழ இருபதாண்டுகள் கழித்தபின் அவர் பத்தாவியாவுக்குச் சென்றார். 1745-இல் அங்கு அமைந்த அபின் வணிகக் கழகத்திற்கு அவரே முதல் இயக்குநர். 1750 முதல் 1761-இல் இறக்கும்வரை கீழைத்தேயம் முழுமைக்கும் தலைமை ஆளுநர். 1754-இல் அவர் ஓர் ஆணை பிறப்பித்தார். ஆடம்பரத்தை அடக்கும் ஆணை! இன்ன பதவியினர் இத்தனை குதிரை பூட்டிய வண்டியில் செல்லலாம். இன்னார் இவ்வகை நகை அணியலாம். இன்னார் மனைவி தெருவில் செல்லும்போது இத்தனை அடிமைகள் பின்தொடரலாம் என்றெல்லாம் அதில் வரையறுத்தார். மேல்படியில் உள்ளவர்க்கு மிகுதி, கீழ்ப்படியில் உள்ளவர்க்குக் குறைவு. இந்த எளிமைப் பாடத்தை எழுதியவரே வெல்தெவ்ரெதென் என்னுமிடத்தில் தமக்கு மாளிகை எழுப்பிக்கொண்டவர். ஒன்றைக் கூர்ந்து நோக்கவேண்டும். அடிமைகள் அந்த ஆணையில் எங்கே இடம்பெறுகின்றனர்? நகை, குதிரை, குடை ஆகியவற்றின் வரிசையில்!

அவர் ஆட்சியில்தான் லிங்கிப் பகுதியில் போர் மூண்டது. பூகிஸ் தலைவர் டாயிங் கெம்போஜா மலாக்காவை நெருக்கினார்; கம்பெனி திருப்பித் தாக்கியது. 1758-ஆம் ஆண்டின் முதல் நாளில் பிலிப்பினா கோட்டையில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. லிங்கி, ரெம்பாவ் பகுதிகளின் ஈயம் கம்பெனிக்கே விற்கப்படவேண்டும் என்பதே அந்தப் பகை முழுவதற்கும் அடிப்படை. ஆற்றின் வாயில் ஒரு கோட்டை இருந்தால் மேலிருந்து வரும் ஒவ்வொரு படகையும் நிறுத்தலாம். அத்தகைய சுங்கக் காவலுக்கு ஒரு பெண்ணின் பெயரைச் சூட்டியது ஆட்சியாளரின் குடும்பப் பாசம். மினாங்கபாவ் மக்களின் ஆற்றுக்கு, பூகிஸ் வீரர்களின் துறைக்கு, கடல் கடந்த ஓர் இல்லத்துப் பெண்ணின் பெயர்!

அதே நாகப்பட்டினத்திலிருந்து வேறு பெண்களும் கப்பலேறினர். டச்சுக்காரர் 1658-இல் போர்த்துகீசியரிடமிருந்து நாகையைக் கைப்பற்றினர். தஞ்சை நாயக்கர் ஆட்சியின் இறுதிக்காலம் அது. பீஜப்பூர்ப் படைகள் வயல்களை அழித்தன, பஞ்சம் வந்தது. 1659 முதல் 1661 வரையில் நாகை, பழவேற்காடு முதலிய துறைகளில் கம்பெனி விலைக்கு வாங்கிய மனிதர் 8,000 முதல் 10,000 வரை என வரலாற்றாசிரியர் கணக்கிட்டுள்ளனர். பெரும்பாலோர் இலங்கைக்கு அனுப்பப்பட்டனர். ஒரு பகுதியினர் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும். 1673 முதல் 1677 வரையில் மதுரைக் கடற்கரையிலிருந்து மட்டும் 1,839 பேர் ஏற்றப்பட்டனர். தாய் தந்தையர் இட்ட பெயர் கப்பலோடு போயிற்று. வாங்கியவன் தன் விருப்பம்போல் ஒரு பெயரை இட்டு, அதனோடு பிடிபட்ட கரையின் பெயரை ஒட்டினான். 'கோரமண்டல்' என்பதே பலருக்கு ஊரும் குலமும் முகவரியும் ஆயிற்று. காவிரிக் கரையின் எந்தச் சிற்றூர், எந்தத் தெரு, யார் மகள் என்பதற்கு அக்கணக்கேடுகளில் இடமில்லை. மொசெல் குடும்பத்திலோ எவர் எந்த நாளில் யாரை மணந்தார் என்பது வரை பதிவாகியுள்ளது.

'இவையெல்லாம் டச்சு வரலாறு. தமிழ் வகுப்புக்கு எதற்கு?' என்று கேட்போர் உளர். தமிழரின் கடல்கடந்த வரலாறு என்றவுடன் இவர்கள் 1025-ஆம் ஆண்டுக்குத் தாவுவர். இராசேந்திரன் கடாரம் வென்றான் என்று முழங்குவர். அங்கிருந்து ஒரே பாய்ச்சல். இறங்குமிடம் ரப்பர்த் தோட்டம். இடையில் உள்ள ஒன்பது நூற்றாண்டுகள் எங்கே போயின? பேரரசனின் கப்பலில் ஏற எல்லாருக்கும் விருப்பம். அடிமைக் கப்பலில் கிடந்தவளைப் பாட்டி என்று சொல்லத்தான் நா எழவில்லை.

அந்தக் கடாரப் பெருமைக்குச் சான்றான செப்பேடுகளின் கதையையாவது இவர்கள் நினைவிற்கொள்ளவேண்டும். கடாரத்து அரசன் நாகையில் எடுப்பித்த சூடாமணி விகாரத்திற்கு இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையாக அளித்தான். அதனை உரைக்கும் 21 செப்பேடுகள், இராசேந்திரனின் முத்திரை பொறித்த வளையத்தில் கோக்கப்பட்டவை, டச்சுக்காரர் காலத்தில் கடல் கடந்தன. பத்தாவியாவில் பணியாற்றிய கேம்பர் என்னும் போதகரின் குடும்பத்தில் பரம்பரைச் சொத்தாய் இருந்து, 1862-இல் லெய்டன் பல்கலைக்கழகத்தை அடைந்தன. உலகம் அவற்றை லெய்டன் செப்பேடுகள் என்று அழைக்கலாயிற்று. சோழனின் ஆவணமே ஒரு டச்சுக் குடும்பத்தின் பெட்டிக்குள் இருந்தது! டச்சுக்காரரை விலக்கிவிட்டுக் கடாரத்தைக் கற்பிப்பது எவ்வாறு?

இன்னொரு சாரார் வேறுவிதமாகத் தடுப்பர். 'அடிமை என்ற சொல்லைப் பிள்ளைகள் காதில் போடலாமா? முன்னரே தாழ்வு மனப்பான்மை, இதுவும் சேர்ந்தால்?' என்பர். வெட்கம் யாருக்கு உரியது? பஞ்சத்தில் விற்கப்பட்ட பிள்ளைக்கா, எடைபோட்டு வாங்கியவனுக்கா? இவ்விடத்தில் ஓர் உண்மையையும் மறைத்தலாகாது. வாங்கியவன் டச்சுக்காரன், பிடித்துக் கொணர்ந்து துறையில் நிறுத்திய தரகர் பலர் உள்நாட்டார். வயிற்றுப் பசியால் பெற்றோரே பிள்ளைகளைக் கொடுத்ததும் உண்டு. தமிழன் தமிழனுக்குத் தீங்கிழையான் என்ற இனிய கற்பனையில் வளர்ந்த பிள்ளை, பிற்காலத்தில் ஊருக்குச் சென்று முன்பணம் கொடுத்து உறவினரையே அழைத்துவந்து கடனில் கட்டிப்போட்ட கங்காணியை எவ்வாறு விளங்கிக்கொள்ளும்?

டச்சுக்காரர் நன்மையே செய்யவில்லையா எனின், செய்ததைச் செய்ததாகவே சொல்லவேண்டும். மலாக்காச் செட்டிகளின் தலைவர் தைவநாயகம் செட்டிக்கு டச்சு ஆட்சி வழங்கிய நிலத்தில் 1781-இல் எழுந்ததே பொய்யாத விநாயகர் கோயில். அதே 1781-இல்தான் நாகப்பட்டினம் டச்சுக்காரர் கையைவிட்டு ஆங்கிலேயரிடம் சென்றது. வணிகர்க்கு நிலம் கொடுத்த கையும் ஏழையரை விலைக்கு வாங்கிய கையும் ஒன்றே. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது நன்றியாகாது. பொய்யாத பிள்ளையாரின் பெயரை வைத்துக்கொண்டு அதைச் செய்வது இன்னும் பொருத்தமற்றது.

ஆங்கிலேயர் காலத்திலும் நாகை ஓயவில்லை. தென்னாட்டுத் தொழிலாளரை மலாயாவுக்கு ஏற்றிய இரு பெருந்துறைகளில் சென்னை ஒன்று, நாகப்பட்டினம் மற்றொன்று. ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிந்தது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது. 1926 முதல் ஓடிய ரஜூலாக் கப்பலின் பெயர் முதியோர் நாவில் நெடுங்காலம் நிலைத்திருந்தது. 1910-இன் ரப்பர் விலையேற்றத்தில் லிங்கித் தோட்டக் கம்பெனியின் பங்குகளை லண்டன் மாநகரில் போட்டியிட்டு வாங்கினர். லிங்கி என்ற பெயர் அவ்வாறு இரண்டாம் முறை ஐரோப்பியக் கணக்கில் ஏறியது. முதலில் ஈயத்துக்காக, அடுத்துப் பாலுக்காக.

பெடாஸைச் சூழ்ந்த தோட்டங்களின் தமிழர் அந்தப் பாலை எடுத்தவர்கள். விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது கிராணியின் வாயில் வந்ததே பெயர். செக்ரோலில் அவர் எழுதியதே எழுத்து. ஒரே மனிதர் பிறப்புச் சான்றில் ஒரு பெயராகவும் அடையாளக் கார்டில் வேறொரு பெயராகவும் இருந்த வேடிக்கை எத்தனை குடும்பங்களில்! 1950-களிலும் 60-களிலும் தோட்டத் துண்டாடல் வந்தது, லயங்கள் கலைந்தன. 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் சில தோட்டங்களைக் காத்தது. எல்லாவற்றையும் காக்க இயலவில்லை. பின்னர் செம்பனை வந்தது, தாமான்கள் வந்தன. தோட்ட அலுவலகம் மூடப்படும் நாளில் செக்ரோல் புத்தகங்கள் என்ன ஆகின்றன? கறையான் தின்னும், அல்லது தீயில் போகும். இடுகாட்டின் சிமெண்டுக் கல்லறைகளைப் புல் மூடும். ஆளுநர் மகளின் பெயர் மட்டும் குன்றின்மேல் நிற்கும்.

இதில் டச்சுக்காரரைக் குறைசொல்லிப் பயனில்லை. அவர்கள் தங்கள் குடும்பத்தைப் பதிவுசெய்துகொண்டனர். அதற்கு எழுத்தும் தாளும் ஆளும் அவர்களிடம் இருந்தன. நூறாண்டுக்கு மேலாகத் தோட்டந்தோறும் தமிழ்ப்பள்ளி இருந்ததே. அங்கேயும் எழுத்தும் தாளும் ஆசிரியரும் இருந்தனர் அல்லவா? 'எனது பொழுதுபோக்கு', 'நான் ஒரு குடை' என்று ஆயிரமாயிரம் கட்டுரைகள் எழுதுவித்த வகுப்பறைகளில், 'என் பாட்டியின் தாய்' என்று ஒரு கட்டுரை எழுதுவித்தவர் எத்தனைபேர்? தேர்வில் வராது என்பது விடையாயின், பிலிப்பினாவும் தேர்வில் வருவதில்லை.

வேலை கடினமானதன்று. ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வீட்டுப் பெரியவர் முன் அமரட்டும். இந்நாட்டுக்கு முதலில் வந்தவர் யார், அவர் பெண்ணா ஆணா, என்ன பெயர், எந்த ஊர், எந்தத் துறையில் கப்பலேறினார், எந்தத் தோட்டத்தில் இறங்கினார், எங்கே புதைக்கப்பட்டார் என்று கேட்கட்டும். தெரியாததற்கு வெற்றிடம் விடட்டும், கற்பித்து நிரப்பவேண்டா. பழைய பிறப்புச் சான்று, கப்பற்சீட்டு, சம்பளத் துண்டு எது கிடைத்தாலும் படியெடுத்து ஒட்டட்டும். ஓர் ஆசிரியர் ஓர் ஆண்டில் முப்பது குடும்பங்களின் ஏட்டை இவ்வாறு சேர்த்துப் பள்ளி நூலக அலமாரியில் வைக்கலாம். அதன்பின் மாணவரைக் கோலா லிங்கிக்கு அழைத்துச் செல்லட்டும். கோட்டைச் சுவரருகே மொசெல் குடும்பத்தின் கதையைச் சொல்லும்போது, ஒவ்வொரு மாணவன் கையிலும் அவனுடைய நோட்டுப் புத்தகம் இருக்கவேண்டும். நாகப்பட்டினம் என்ற ஊர்ப்பெயர் அதில் எத்தனை புத்தகங்களில் எழுதப்பட்டிருக்கிறது என்று அங்கேயே எண்ணிப் பார்க்கலாம்.